யோகத்துக்கு மாற்றாள்

1936ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே கரட்டுப்பாளையத்தில், எல்லா வீட்டு அடுப்பிலும் இருந்த சட்டிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்தச் சத்தத்தில் காக்கைகள் ஊரைவிட்டே எழுந்து போயின. கம்மஞ்சோறு சாம்பலில் கொட்டிக் கிடந்தது. யாரும் பதறவில்லை. "எழுத உக்காந்துட்டானாட்ட இருக்குது" என்றாள் பெருமாயி, ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே. சேலத்தில் அந்த நிமிஷம்தான் காளியப்பன் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள்.

காளியப்பனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. காய்ச்சலில் இரண்டு பேரும் போன பிறகு, நாளுக்கொரு வீடு என்று முறை வைத்து ஊரே அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது. திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் அவன் கடைசி வகுப்பில் இருந்தபோது, கடலோரத்தில் ஒரு தனவந்தர் தம் சொந்தப் பணத்தில் நடத்திய பல்கலைக்கழகம் சேலம் ஜில்லாவுக்கு ஒரே ஒரு மெரிட் ஸ்காலர்ஷிப் அறிவித்தது. சம்பளம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எழுதுபவர்களில் முப்பது பேராவது இவனுக்குச் சமமான கெட்டிக்காரர்கள், அதற்கு மேல் யோகம்தான் என்றார். அதைக் காளியப்பன் ஊரில் வந்து அப்படியே சொன்னான். கரட்டுப்பாளையத்தில் எந்த வேலையையும் ஒருவர் தனியாகச் செய்ததில்லை. இன்று உன் காட்டில் நான் களை எடுத்தால் நாளை என் காட்டில் நீ எடுக்க வேண்டும். அதற்கு மாற்றாள் என்று பெயர். யோகத்துக்கும் அதே முறைதான் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு நாள் யோகம் பரீட்சைக்குக் கொடுப்பது, பிற்பாடு அவன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் திருப்பித் தருவது.

"எம்பட யோகத்தையும் எடுத்துக்க சாமி" என்றாள் பெருமாயி. "ஊட்டுக்காரன் மேட்டூர் அணை வேலைக்குப் போனவன் போனவன்தான். மிச்சத்த வெச்சு நான் எந்தச் சீமைய ஆளப்போறேன்?"

ஸ்காலர்ஷிப் அவனுக்கே கிடைத்தது. பல்கலைக்கழக விடுதியில் மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும், முறுக்கு டின் வரும். கரட்டுப்பாளையத்தில் எழுதத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான், அவனும் இங்கே இருந்தான். ஊருக்குப் போகும் ரயில் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப்பில் இடமில்லை. லீவு நாட்களில் பூட்டிய அறைகளுக்கு நடுவே அவன் ஒருவனே நடந்துகொண்டிருப்பான். பரீட்சை இல்லாத காலைகளில் மேற்கே ஊர்ப்பக்கம் பார்த்து நின்று ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொல்வான். அன்றைக்கு அவனுடைய யோகம் அந்த வீட்டுக்குப் போய்விடும். ஆராயியின் பெயரைச் சொன்ன நாளில் தொட்ட டம்ளர் எல்லாம் கவிழ்ந்தது, ஆனால் சாயங்காலம் வரை அவன் சட்டையில் சீம்பால் வாசனை அடித்தது. ஆராயி வீட்டு எருமை கன்று போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டான். கந்தவேலின் நாளில் வார்டன் அவனைத் திருடன் என்று நினைத்துச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மேளம் கேட்டது. கந்தவேலின் மகளுக்குக் கல்யாணம். இப்படித்தான் அவனுக்கு ஊர்ச் சேதி வந்தது.

மூன்றாம் வருஷம் முடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. பெருமாயியின் நாள் ஒன்றுதான் மிச்சம். அதையும் கொடுத்துவிட்டால் ஊரிலிருந்து இனி எதுவும் வராது. காலையில் மேற்கே பார்த்து நிற்பான். அவள் பெயர் தொண்டை வரை வரும், விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போவான். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று.

கடலைக்காய் மூட்டைகளைக் கப்பலேற்ற வந்த கரட்டுப்பாளையத்து வேலுசாமி ஒரு நாள் விடுதி வாசலில் வந்து நின்றார். எல்லார் வீட்டுக் கதையும் சொன்னார். எல்லாம் காளியப்பனுக்கு முன்பே தெரிந்தவை.

"பெருமாயி கதைதான் பாவம். ரெண்டு வருசமா கெணறு வெட்டறா. மேட்டூருல வெடி வெச்ச ஆளுகளக்கூடக் கூட்டியாந்து பாத்தாச்சு, வெறும் பாறை. காட்ட வித்துப்போட்டுப் போறதுதான் பாக்கி."

"எங்கிட்டக் கேக்கச் சொன்னாங்களா?"

"அவளா கேப்பா? பையனுக்கு அங்க என்ன முடையோங்கறா."

மறுநாள் காலை காளியப்பன் மதிலோரம் நின்று பெருமாயியின் பெயரைச் சொன்னான். மேகமே இல்லாத வானத்திலிருந்து அவன் தலைமேல் மட்டும் மழை கொட்டியது. நடந்தால் கூடவே நாய்மாதிரி வந்தது. வகுப்பில் சேர்க்கவில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் விரட்டினார்கள். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான். அந்தத் தண்ணீரில் வெடிமருந்தும் புதிதாய் உடைந்த கல்லும் கலந்து மணந்தன. பொழுது சாயும்வரை நனைந்துகொண்டே சிரித்தான். அடுத்த நாள் சட்டை உலர்ந்திருந்தது, தயிர் கெட்டியாக இருந்தது, புரொபசர் முதுகில் தட்டிப் பாராட்டினார். அவ்வளவு வெறுமையான நாளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

பட்டம் வாங்கியதும் பரிசுப் பணத்தில் ரயிலேறினான். ஊரில் எல்லாரும் "வாங்க" என்றார்கள். பாய் விரித்தார்கள், மோர் கொடுத்தார்கள், விருந்தாளியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தார்கள். யாரும் அவனை வேலை ஏவவில்லை. கடைசியாகப் பெருமாயியின் காட்டுக்குப் போனான். கிணற்றில் கைக்கெட்டும் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அவள் மிளகாய் நாற்றுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கலெக்டராட்ட நிக்கறயே சாமி, உக்காரு. எல்லாந் தீந்துருச்சு. இனி ஆருக்கும் நீ ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல."

"இன்னொரு நாள் யோகம் குடுங்க அத்தே."

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "இன்னுமாடா பரீச்ச இருக்குது?"

"பரீச்சைக்கில்லீங்க அத்தே. திருப்பிக் குடுக்கறதுக்கு."