கூடைப்பந்துக்கு எடுத்த மாப்பிள்ளை

மற்ற ஊர்களில் விளையாட்டுக் கழகங்கள் நல்ல ஆட்டக்காரனைத் தேடிப் பிடிக்கும். சாய்ந்தமருதில் மீராமுகைதீன், மகளைக் கட்டிக்கொடுத்துப் பிடித்தார்.

இதில் களவு ஒன்றுமில்லை. இந்தக் கிழக்குக் கரையில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து இறங்குவார். வந்தவர் பெண்ணின் ஊர்ப் பள்ளியில் தொழுவார், அந்த ஊர் மீனைத் தின்பார், அந்த ஊர்க் கழகத்துக்கே விளையாடுவார். அக்கரைப்பற்றில் இஹ்ஸான் என்றொரு பொடியன் இருக்கிறான், ஆறடி நாலங்குலம், கொழும்பில் படிக்கும்போது கூடைப்பந்தில் கிண்ணம் வாங்கியவன் என்ற செய்தி காதில் விழுந்த அன்றைக்கே, பெண்ணைப் பெற்ற வாப்பாவும் கழகத் தலைவருமாக இரண்டு பேர் மீராமுகைதீனுக்குள் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

மகள் ஸுஹைறா படத்தைப் பார்த்தாள். "வாப்பா, இவருக்கு ஃபேன் தலையில அடிக்குமே" என்றாள். வாப்பா அன்று பின்னேரமே ஃபேனைக் கழற்றி மூலைக்கு மாற்றினார். அதுதான் சம்மதம்.

கழகத்தின் கூடைப்பந்து மைதானத்துக்கும் ஒரு கதை உண்டு. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஊர் கேட்டது மீன் வலை. வந்ததும் வலைதான். இரண்டு வலை, இரண்டுக்கும் அடியில் ஓட்டை, இரும்புத் தூணில் பத்தடி உயரத்தில் தொங்கின. இதில் எந்த மீனைப் பிடிப்பது என்று ஊர் யோசித்து முடிக்கும்வரை பெண்கள் அந்தச் சீமெந்துத் தரையில் நெத்தலி காயவைத்தார்கள். பிறகுதான் பொடியன்மார் கருவாட்டு வாசத்தோடு பந்தைத் தட்டத் தொடங்கினார்கள்.

அந்தத் தரைக்குக் கீழேதான் ஸுஹைறாவுக்கென்று மீராமுகைதீன் முதலில் கட்டிய வீடு இருந்தது. கடல் அதை ஒரு காலையில் கொண்டுபோனது. உலகத்தில் எதையும் நாலு மடங்கு கூட்டிச் சொல்கிற மனிதர், அன்றைக்குப் போன வீட்டையும் ஆட்களையும் பற்றிக் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. உள்ளே தள்ளி இன்னொரு வீடு கட்டி எழுப்பினார். அது முடிந்த வருடம் நாட்டில் நடந்த சண்டையும் முடிந்தது, மாப்பிள்ளையும் வந்தார்.

மற்றதையெல்லாம் கூட்டினார். ஷரிபுதீனின் தேத்தண்ணிக் கடைதான் அவருடைய ஒலிபரப்பு நிலையம்.

"மருமகன் பாய்ஞ்சாரெண்டால் இறங்கி வர நேரமெடுக்கும் ஷரிபுதீன். வளையத்துக்கு மேலால போய்ப் பந்தை உள்ளுக்கு வச்சிட்டு வருவார். கோழிக்கூட்டுல முட்டை வைக்கிற மாதிரி."

"காக்கா, நீங்க கண்டீங்களா?"

"கண்டவனைக் கண்டன்."

சோதனைச் சாவடிகள் எழும்பிப்போன காலம். கதைக்கு இனி அடையாள அட்டை தேவையில்லை. மீன் லொறியில் ஏறிய இஹ்ஸான் கல்முனை சந்தியில் ஆறடி எட்டு ஆனான். களுவாஞ்சிக்குடியில் ஏழடி. மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, பஸ்ஸில் ஏறினால் கூரைக் கதவைத் திறந்துவிட வேண்டிய ஆளாகிவிட்டான். மட்டக்களப்பின் பேர்போன அணி ஒன்று, அந்தப் பறக்கிற மனிதனோடு ஒரு கை பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பியது. மாரி மழை விட்டதும் போட்டி என்று முடிவானது.

இடையில் வந்தது விருந்து.

புது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் அழைத்துச் சோறு கொடுக்க வேண்டும், அது முறை. சாதாரண மாப்பிள்ளைக்கே ஒரு மாதம் நீளும். இவரோ ஊரின் மானத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கப் போகிறவர். சொந்தமில்லாதவர்களும் சொந்தமானார்கள். நெய்ச்சோறு குவித்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தங்கள் பக்கத்து இறைச்சித் துண்டுகளை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார்கள். அது முடிந்தால் வட்டிலப்பம், அதற்கு மேல் எருமைத் தயிர். இஹ்ஸான் நல்ல பிள்ளை. "போதும்" என்ற சொல்லை அவன் சொல்லாமலில்லை. சொன்னது தட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மாமி பாத்தும்மா பால்மா கரைத்துக்கொண்டு நிற்பாள்.

போட்டி நெருங்கிய ஒரு நாள் அணித் தலைவன் அப்துல் கபூர் வாசலில் வந்து நின்றான்.

"காக்கா, மாப்பிள்ளைக்கு ஜேர்சி போகுதில்ல."

"தோய்ச்சுச் சுருங்கியிருக்கும்."

"புது ஜேர்சி காக்கா. தலையால போகுது, வயித்துல வந்து நிக்குது."

அவன் போனதும் ஸுஹைறா வெளியே வந்தாள்.

"வாப்பா, ஊரெல்லாம் இவரு பறப்பாரெண்டு சொல்லி வச்சிருக்கீங்க. படி ஏறவே மூச்சு வாங்குது மனிசனுக்கு. நாளைக்கு ஊரே சிரிச்சா, நீங்க அடுத்த வெடியை விட்டுட்டுப் போயிருவீங்க. இவரு மௌத்தாகும் வரைக்கும் இந்த ஊர்லதான் இரிக்கோணும். ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அந்தச் சிரிப்புக்கு நடுவாலதான் போகோணும்."

மீராமுகைதீன் தேத்தண்ணிக் கடைக்குப் போகப் போட்ட செருப்பைக் கழற்றினார். வாழ்நாளில் முதல் தடவையாக அன்றைய ஒலிபரப்பு நின்றது.

போட்டியன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர் மைதானத்தில் கூடியது. எத்தனை பேர் என்று கேட்டால், கடல் இரண்டடி பின்னுக்குப் போய் இடம் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வேனிலிருந்து இறங்கிய அணித் தலைவன் நிதர்சன், ஜேர்சியை இரண்டு பக்கமும் தையல் பிரித்துப் போட்டிருந்த இஹ்ஸானை ஏற இறங்கப் பார்த்தான். பயிற்றுநர் கேதீஸ்வரனின் காதில் சொன்னான்:

"அண்ணே, சொன்னதவிடப் பெரிசா இருக்கான்."

"ரெண்டு பேர் அவனை விடாமல் நில்லுங்க" என்றார் கேதீஸ்வரன். "பாயவே விடப்படாது."

இஹ்ஸான் ஒரு தடவை மேலே ஓடினான், ஒரு தடவை கீழே ஓடினான். அதோடு கடற்பக்க மூலையில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். மூச்சு வாங்கத்தான் நின்றான். நிதர்சனுக்கு அது புலி பதுங்குவதாகத் தெரிந்தது. அவனும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். அங்கே மூன்று பேர் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்க, இங்கே அப்துல் கபூரும் மற்ற மூவரும் எதிரணியின் மிச்ச மூவரைச் சுற்றிச் சுற்றிக் கூடையில் போட்டார்கள். இடைவேளையில் சாய்ந்தமருது முன்னால் நின்றது.

ஆனால் ஊர் அதற்கா வந்தது?

"காக்கா" என்றான் ஷரிபுதீன், "உங்கட விமானம் ஓடுபாதையிலேயே நிக்குது."

"எஞ்சின் சூடாகுது, பொறுங்க" என்று சொல்லிவிட்டு மீராமுகைதீன் மருமகனிடம் நடந்தார். இஹ்ஸான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மருமகன், நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டன்."

"கொஞ்சமா மாமா?" அவன் சிரித்தான். "நான் எந்தக் காலத்திலயும் பாய்ஞ்சதில்ல. நிண்ட இடத்துல நிண்டு தூரத்துல இருந்து எறியிறதுதான் என்ட வேலை. கொழும்புலயும் அதுதான்."

"அத ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்க கதைக்க விட்டாத்தானே மாமா. இப்ப எறிய ஏலும். இந்த ரெண்டு பேரும் விலகுறாங்க இல்லையே. உங்கட கதைதான் அவங்களை எனக்கிட்ட ஒட்ட வச்சிருக்கு."

பிற்பாதியில் ஓடி ஓடி நம் நாலு பேருக்கும் நாக்கு வெளியே வந்தது. மட்டக்களப்பு ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து, கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னால் போனது. மூலையில் இன்னும் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

மீராமுகைதீன் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஸுஹைறா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் அறுபது வருடம் சேர்த்த பேர் அவருக்கு ஒன்றுதான்: வெடிக்காரர், கதை அளக்கிறவர். அவர் கதையை யாரும் நம்புவதில்லை, ஆனால் எல்லாரும் கேட்க ஆசைப்படுவார்கள். அந்தப் பேரை எடுத்து இப்போது மண்ணில் போட வேண்டும், தன் கையாலேயே. அவர் நேராக எதிரணிப் பயிற்றுநர் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். கூட்டத்துக்கு அப்பால் இருந்த ஷரிபுதீனைப் பார்த்து, கடலுக்குக் கேட்கும் குரலில் கத்தினார்.

"ஷரிபுதீன், நான் விட்டது முழு வெடி. மாப்பிள்ளைக்கு ஓட ஏலா, பாய ஏலா. நான் சோறு போடத்தான் மருமகன் கிடைச்சிருக்கான். அவனைக் கழட்டி வெளியில விடுங்க."

ஊர் சிரித்தது. என்ன சிரிப்பு அது. நாரைகள் மாவடிப்பள்ளி வயலில் இருந்து எழும்பிப் பறந்தன. ஸுஹைறாவின் முகம் கறுத்தது. பாத்தும்மா, "இந்த மனிசனுக்கு விசர்" என்று தலையில் கைவைத்தாள்.

கேதீஸ்வரன் மூலையை உற்றுப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார், வாங்குகிற மூச்சைப் பார்த்தார். "நிதர்சன், அவனை விட்டுட்டு வாங்கடா. ஏமாந்துட்டம்."

இரண்டு பேரும் விலகி ஓடினார்கள். அப்துல் கபூர் பந்தோடு திரும்பினான். மூலையில் தனியாக ஒரு மலை நின்றது. எறிந்தான்.

இஹ்ஸான் பாயவில்லை. கால் தரையைவிட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கையை நீட்டி, மணிக்கட்டை மட்டும் தளர்த்திவிட்டான். பந்து கடற்காற்றில் ஏறியது. ஏறியது, ஏறியது, ஒலுவில் துறைமுகத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. வளையத்தில் படாமல் உள்ளே போனது. கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்ததற்கு மூன்று புள்ளி. ஆட்டம் முடிந்த விசில் கேட்டது.

பிறகு நடந்ததை மீராமுகைதீன் சரியாகப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணாடி எங்கோ விழுந்திருந்தது. இஹ்ஸானைத் தூக்க ஏழு பேர் முயன்று தோற்று, கடைசியில் அவனைச் சுற்றி நின்று கொண்டாடினார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

கேதீஸ்வரன் வந்து அவர் கையைப் பிடித்தார். "ஐயா, நீங்க கடைசியாச் சொன்னது பொய்யா, உண்மையா?"

"அல்லாஹ்மேல ஆணையா உண்மை தம்பி. எறியிறதைச் சொல்ல மட்டும் நேரம் கிடைக்கல்ல."

கேதீஸ்வரன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

வேன் புறப்படுகிற இடத்தில் அதன் சாரதி, கூட்டத்துக்கு மேலால் தெரிந்த தலையைக் காட்டி, "அந்தப் பெரிய ஆள் அக்கரைப்பற்றுக்காரர்தானே?" என்று ஷரிபுதீனிடம் கேட்டார்.

"ஆர் சொன்னது?" என்றான் ஷரிபுதீன் கோபமாக. "அவன் எங்கட ஊர்ப் பொடியன்."

பக்கத்தில் நின்ற மீராமுகைதீனுக்கு, அந்தச் சொல்லோடு சேர்க்க நாலு சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். தூரத்தில் ஸுஹைறா புருஷனுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தாள். வழி நெடுக ஆட்கள் விலகி நின்று, அந்த இரண்டு பேருக்கும் இடம் விட்டார்கள்.