நான் சொன்ன "போடு"

சுரேஷ்கண்ணன் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக எனக்கு வயிற்றெரிச்சல். மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் நிறுவனம் தேனியில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகள் பதினெட்டாயிரம் பேரின் பெயர், தோட்டம், கைபேசி எண் எல்லாம் எங்கள் டேட்டாபேஸில் உள்ளன. அன்றைய விலையும், யார் தோட்டத்துக்கு எப்போது லாரி வரும் என்பதும் தினமும் பதினொரு மணிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். பதினொரு வருடமாக அதைக் கட்டிக் காப்பவள் நான். மாதக் கடைசி அறிக்கை வர நாற்பது நிமிடம் ஆகும். "அவ்வளவு டேட்டா, அப்படித்தான் ஆகும்" என்று நான் சொல்வேன்; எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். இவன் வந்த இரண்டாவது வாரம், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் ஒன்றே ஒன்று போட்டான். ஒன்பது நொடியில் வந்துவிட்டது. மேனேஜர் கர்ணன் சார் கைதட்டினார். நானும் தட்டினேன். டீக்கடைக்காரர் மட்டும்தான் என் கட்சி.

கம்பத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே டேட்டாபேஸ் பொறுப்பு யாருக்கு என்று திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. என் வீடு கம்பத்தில். தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று வருகிறவள் நான். ஆனால் எல்லோர் வாயிலும் அவன் பெயர்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டேட்டாபேஸில் நேரடியாகக் கைவைக்கும்போது ஒருவர் எழுத, இன்னொருவர் படித்துப் பார்த்து "போடு" என்று சொன்ன பிறகுதான் ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, சுருளிப்பட்டி சங்கிலி என்ற விவசாயியின் கைபேசி எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. சுரேஷ்கண்ணன் மூன்று வரி எழுதினான். முதல் இரண்டு வரிகள், கைபேசி எண்ணை இதுவாக மாற்று என்றன. மூன்றாவது வரி, இந்த ஒரு விவசாயிக்கு மட்டும் என்றது. மவுஸை இழுத்து வரிகளைத் தேர்ந்தெடுத்தான். தேர்ந்தெடுத்ததைக் காட்டும் நீலம் இரண்டாவது வரியோடு நின்றுவிட்டது. நீலத்துக்குள் இருப்பது மட்டும்தான் ஓடும்.

"சரியா இருக்காக்கா?"

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அந்த ஒன்பது நொடி நினைவுக்கு வந்தது.

"போடு" என்றேன்.

பதினெட்டாயிரம் பேரின் பெயருக்கு நேரேயும் சங்கிலியின் எண்ணே விழுந்தது. திரையைப் பார்த்து அவன் முகம் வெளுத்தபோது மணி சரியாகப் பதினொன்று. அவன் ஓடிப்போய்ச் செய்தியை நிறுத்துவதற்குள் நானூறு பேருக்கான செய்திகள் சங்கிலிக்கே போய்விட்டன. சங்கிலியின் அழைப்பை நான்தான் எடுத்தேன்.

"ஆத்தா, உங்க ஆபீசுல என்னதான் பண்றாக? சின்னமனூர்லருந்து கூடலூரு வரைக்கும் உள்ள திராட்சை பூராம் என்னுதுங்குது. எனக்கு ஒரே ஒரு ஏக்கருதான். நானூறு லாரிய நான் எங்கன நிப்பாட்ட?"

மற்ற விவசாயிகள் செய்தி வராமல், பறித்த பழத்தோடு வெயிலில் காத்திருந்தார்கள். சுரேஷ்கண்ணன் அதிகாலையில் எடுத்து வைத்திருந்த பேக்கப் நகலைத் திறந்து, எண்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான். எனக்கு அரை நாள் ஆகியிருக்கும். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கர்ணன் சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "ரெண்டு பேரு பாத்தும் எப்படி நடந்துச்சு?"

"என் தப்புதான் சார்" என்றான் அவன். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீக. பொடி எழுத்து. அவுக நின்ன எடத்துலருந்து தெரிஞ்சிருக்காது."

கர்ணன் சார் அவன் பக்கம் திரும்பினார். "நீ அவசரக்காரன்டா. ரீட்டா, கம்பம் கிளைய நீங்களே பாத்துக்கங்க. மொதல்ல கண்ண ஒருதடவ டாக்டர்ட்ட காட்டிருங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் உடம்பெல்லாம் எரிந்தது. கெட்டிக்காரன் என்ற பெயர் ஏற்கெனவே அவனுக்கு. இப்போது நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே. எனக்கு மிஞ்சியது கண் தெரியாதவள் என்ற பெயர். அவனிடமிருந்து பறித்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அவன் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததை எப்படி வாங்குவது? மனசாட்சி உறுத்தியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"எனக்குத் தெரிஞ்சுச்சு சார்" என்றேன். "நீலம் ரெண்டாவது வரியோட நின்னது நல்லாவே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் போடுன்னேன்."

கர்ணன் சார் பேனாவை மூடி வைத்தார். சுரேஷ்கண்ணன் என்னையே பார்த்தான். எட்டு மாதத்தில் அவனுக்கு ஒரு விஷயம் புரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏன்க்கா?"

"ஒம்பது செகண்டுடா" என்றேன்.