முதலில் விலை சொல்லாதவர்கள்

1.

பல வருடப் பேச்சில்லாமையை முடிக்க என் சித்தி கொடுத்த விலை ஒரு ஜோடி நடைக் காலணி. அதுவும் தள்ளுபடியில் வாங்கியது. கடிதம் இல்லை, போன் இல்லை. பெட்டியில் போட்டுப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பெரியம்மா காலை விட்டுப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. எங்கே நடக்க என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கதை எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் இப்போது நடைவழியில் இருக்கிறார்கள்; சாயங்காலம் ஆனால் தங்கும் விடுதி அறையிலிருந்து எனக்குப் போன் செய்கிறார்கள். ஒருத்தி குளிக்கப் போகும்போது மற்றவள். இரண்டு பக்கத்துச் சரக்கும் என்னிடம் வந்து சேர்கிறது. (சந்தையில் இப்படிப்பட்டவனுக்குத் தரகன் என்று பெயர். கதைக்காரன் என்பது அதற்கே மரியாதையான சொல்.)

2.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘வெண்ணுரைக் கரங்களால் அலைகள் பாறையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில், இரு பெண்கள்...’

அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் சரக்கில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது: ‘பெரியம்மாவுக்கு முழங்கால் வலி.’ இது தேவலை.

கடலுக்குள் விரல் நீட்டியதுபோல் கிடக்கும் நிலம். அதன் ஓரமாகவே, மேட்டில் ஏறி மணலில் இறங்கி, நாள்கணக்காக நடந்தால் நுனியில் கலங்கரை விளக்கம். கல்யாணமான புதிதில் ஓரகத்திகள் இருவரும் வருடம் தவறாமல் நடந்த பாதை அது. எங்கள் குடும்பப் பூட்டுக்கடையில் இருப்பு எடுக்கும் வாரம். இவர்களின் புருஷன்மார், என் அப்பாவுக்கு அண்ணனும் தம்பியும், பூட்டுகளை எண்ணுவார்கள். வீட்டில் இந்த இருவரின் சிரிப்புச் சத்தம் இருந்தால் எண்ணிக்கை தவறுகிறதென்று அவர்களே துரத்திவிடுவார்கள். பிறகு கடையைப் பிரித்தார்கள். ஒருவர் பூட்டையும் ஒருவர் சாவியையும் எடுத்துக்கொள்ளாததுதான் பாக்கி. புருஷன்மார் பேசவில்லை, பெண்டாட்டிகளும் பேசவில்லை. புருஷன்மார் போய்ச் சேர்ந்தார்கள். பேசாத பழக்கம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

3.

பெரியம்மாவை அவள் மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறான். போனால் திரும்பி வருவதாக இல்லை. நடை முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. ‘என்னோட இருங்கக்கா’ என்று சித்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைக் கட்டமாட்டாள். ஆனால் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். விலையை முதலில் சொன்னவன் தோற்றான் என்பது எங்கள் குடும்பத்தில் பாலோடு ஊட்டப்படுவது, மருமகள்களுக்குக் காப்பியோடு.

4.

சித்தியை நான் முதலில் நம்பவில்லை.* சித்தி இருக்கும் பழைய வீட்டில் பெரியம்மாவின் பங்கு மேல் மாடி, சும்மா கிடப்பது. அதன்மேல் சித்திக்கு ஒரு கண் இருக்கலாம் என்று எழுதி, ஒரு பக்கம் வரை ஓட்டினேன். பிறகு பெரியம்மா சொன்ன விடுதி அறை குறுக்கே வந்தது. ஜன்னல் சரியாகச் சாத்தாத அறை. நாற்காலி முதுகில் ஈரச் சாக்ஸ்கள். சித்தி விறுவிறுவென்று போய்க் காற்றடிக்கும் ஜன்னலோரக் கட்டிலில் தன் பையை எறிந்தாளாம்.

"சுவரோரக் கட்டில் ஒரே மேடு பள்ளம். அதை நீங்களே வெச்சுக்கங்க."

பெரியம்மா படுத்துப் பார்த்தாள். மெத்தை வெண்ணெய்போல இருந்தது.

* சித்தி இதைப் படித்தால் என் கதை முடிந்தது.

5.

நேற்று நடந்தது இது.

"முழங்கால் என்ன சொல்லுது?"

"உன்னைவிடக் கம்மியாத்தான் பேசுது."

"கொஞ்சம் எட்டி வைங்கக்கா. பின்னால ஒரு நத்தை வழி கேக்குது."

"அதுக்கு வழி விட்டுட்டு நீயும் அதுகூடவே போயேன்."

பாதையின் ஒரு வளைவில் பழைய படகுக் கொட்டகை. கூரை போய்விட்டது. பெரியம்மா நின்றாள்.

"இங்கதானே நீ உக்காந்து அழுதே?"

"நான் எங்க அழுதேன்? அன்னிக்கு மழை."

"மழை மூக்கு வழியாவா வரும்?"

சித்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இருப்பு எடுப்பவர்களைக் குழப்பிய அதே சிரிப்பு. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"நீங்களே சொல்லுங்க."

பெரியம்மாவுக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அம்மாவை நினைத்துத் தேம்பிய புது மருமகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, நான் உன்னை விட்டு எங்கடீ போகப்போறேன் என்றிருந்தாள். இப்போது அதைத் திருப்பிச் சொன்னால் கெஞ்சியதாக ஆகிவிடும்.

"வயசாச்சுடீ. மறந்துபோச்சு."

"சரி. எனக்கும்தான்."

6.

நேற்றுச் சாயங்காலம் சித்தி போனில்: "உங்க பெரியம்மா போறாங்களாமே. போகட்டும், எனக்கென்னடா?" பிறகு அவளே: "மாடி ஜன்னலை மட்டும் மாத்தச் சொல்லியிருக்கேன். அவங்களுக்குக் குளிர் ஆகாது."

நான் பெரியம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "சித்தி மனசுல என்ன இருக்குன்னா..."

"நிறுத்துடா. அவ கேட்டா இருப்பேன். நீ சொல்லி நான் இருந்தா அது வாடகைக்கு இருக்கிறமாதிரி."

தரகனின் வேலை அதோடு போயிற்று.

7.

இதை எழுதும்போது இருவரும் நுனியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே முடிவுகளை நானே தைத்துப் பார்த்தேன்.

சித்தி பெரியம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, போகாதீங்க, நான் தனியா... (பொய். சித்தி கையைப் பிடித்தால் நாடி பார்க்கத்தான் பிடிப்பாள்.)

பெரியம்மா கடலைப் பார்த்தபடி, "அந்த மாடி சும்மாத்தானே...

இருவரும் பிஸ்கட் தின்று, போட்டோ எடுத்து, பஸ்ஸில் திரும்புகிறார்கள். பெரியம்மா மகனுக்குச் சரி என்கிறாள். (இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே எழுத மனம் வரவில்லை.)

நீங்கள் எங்கள் குடும்பத்தில் பிறக்கவில்லை. முதலில் வாய் திறந்தால் உங்களுக்கு நட்டமில்லை. கொட்டகையில் இருவரும் மறந்ததாகச் சொன்ன அந்த வாக்கியத்தை யார் வாயில் வைப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கணக்கை ஒப்படைத்துவிடுகிறேன்:

பெரியம்மாவிடமிருந்து வரவு, சொல்லாத வாக்கியம் ஒன்று.
சித்தியிடமிருந்து வரவு, அதே வாக்கியம் ஒன்று.
செலவு, இந்த நிமிடம் வரை இல்லை.