குமரவேலின் மொழிபெயர்ப்பு

“திங்கக்கெழம காலைல வண்டி வந்துரும். ஒழுங்கா பெட்டியக் கட்டுல!”

“நேனு வெள்ளனு!”

“போமாட்டானாம்லா! கேட்டியா ரோகிணி, ஒம் மவன் சொல்லுதத?”

“ரெண்டு பேரும் செத்த மெதுவாப் பேசுதியளா? ஆறு மணிக்கு அந்த மேடம் வந்துருவாங்க.”

மேடம் வருவது வாசல் வழியாக அல்ல, கைப்பேசி வழியாக. ஹைதராபாத் சைனிக்புரியின் அந்த அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில், குமரவேல் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் பின்பக்கத்து வாஷிங் ஏரியாதான். ஆகவே வியாழக்கிழமைதோறும் துணி துவைக்கும் மெஷின்மேல் சோப்புத்தூள் டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்களில் குடும்பம் வரிசையாக உட்காரும். பக்கத்து வீட்டு வாஷிங் ஏரியாவையும் இதையும் பிரிப்பது இடுப்பளவுச் சுவரும் ஒரு மூங்கில் தட்டியும். தட்டிக்கு அந்தப் பக்கம் சாவித்ரிக்கு, சொல்லிவைத்தாற்போல், வியாழன் மாலை ஆறு மணிக்குத்தான் பீன்ஸ் நார் எடுக்க நேரம் வாய்க்கும். அந்த வீட்டில் பீன்ஸ் பிடிக்கிறவர் யாரும் கிடையாது என்பது வேறு விஷயம்.

குமரவேல் திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு நிறுவனத்தில் அதிகாரி. ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடம். உள்ளூர் மனநல ஆலோசகரிடம் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் மதுரையிலிருக்கும் ஆரோக்கியமேரியைப் பிடித்தார். தமிழில் பேசினால் இந்தக் கட்டடத்தில் யாருக்குப் புரியப்போகிறது? மூன்று தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் இருந்தாலும் சாவித்ரியும் தமிழச்சிதான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தட்டிக்குப் பின்னால் அந்த அம்மாள் இருக்கமாட்டார் என்று நினைத்துவிட்டார். அப்படி நினைக்கக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். மகன் அபிநவ் பதினொன்றாம் வகுப்பு. ஹைதராபாத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் கல்லூரியில்தான். ஹாஸ்டலோடு சேர்ந்த ஐஐடி கோச்சிங் கல்லூரி ஒன்றில் இருந்தான். காய்ச்சல் என்று வீட்டுக்கு வந்தவன், காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் திரும்பிப்போக மறுத்தான். காரணமும் சொல்லவில்லை. முதல் இரண்டு வியாழன்களும் குமரவேலே பேசித் தீர்த்துவிட்டார். தன் அலுவலகத்தில் யார் யார் மகன் எந்தெந்த ஐஐடியில் இருக்கிறான் என்பது இப்போது மதுரையில் ஆரோக்கியமேரிக்கும் சைனிக்புரியில் சாவித்ரிக்கும் மனப்பாடம். இன்று பையனின் முறை.

“தம்பி, எந்த மொழி சுலபமா வருதோ அதுலயே பேசுங்க. தெலுங்குன்னா எனக்குப் புரியாது, அப்பா சொல்லட்டும்” என்றது கைப்பேசி.

பையன் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தான். இரண்டு வாக்கியம் போவதற்குள் பள்ளிக்கூடத்து நண்பர்களோடு பேசும் தெலுங்குக்குத் தாவிவிட்டான். அங்கே தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றான். விளக்கை அணைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வாரத் தேர்வுக்கு மறுநாள் மார்க் வரிசைப்படி வகுப்பை மாற்றி உட்காரவைக்கிறார்கள். கடைசி வகுப்புக்குப் போனதிலிருந்து பழைய சிநேகிதர்கள் பேசுவதில்லை. அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்று பயம்.

சாவித்ரியின் கையில் பீன்ஸ் அப்படியே நின்றது.

குமரவேல் கனைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல மேடம். மெஸ் சாப்பாடு பிடிக்கலையாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். காரம் ஜாஸ்தியாம்.”

மதுரையிலிருந்து பருப்புப்பொடியும் கேழ்வரகு மாவும் கொடுத்தனுப்பச் சொல்லி ஆலோசனை வந்தது. குமரவேல் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். அபிநவின் ஸ்டூல் கிரீச்சிட்டது.

பையன் இன்னொரு தடவை முயன்றான். வார்டனிடம் சொன்னேன், சிரித்தார் என்றான்.

“வார்டன் ரொம்ப நல்ல மாதிரியாம் மேடம். சிரிச்ச முகமாம்.”

“அப்ப திங்கட்கிழமை போறதுல பெரிய தடையில்லன்னு சொல்லுங்க” என்றார் ஆரோக்கியமேரி.

சாவித்ரிக்கு நிச்சயமாகத் தெரிந்தது இரண்டு: வாயைத் திறந்தால் இத்தனை நாள் ஒட்டுக்கேட்டது வெளிச்சமாகும், அப்புறம் லிஃப்டில் இந்த மனுஷர் முகத்தில் விழிக்க முடியாது. திறக்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி வந்துவிடும். அவர் தட்டியை விலக்கினார்.

“நக்கோ சார், வேணாம்! கைக்கு, எதுக்கு இப்படி மாத்திச் சொல்றீங்க? மேடம், அந்தப் பையன் சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்த பேசல. தூக்கமே இல்ல, நெஞ்சு அடிச்சுக்குதுன்றான். அப்பாகிட்ட சொல்ல பயம்ன்றான். வார்டன் சிரிச்ச முகம் இல்ல, இவனப் பாத்துச் சிரிச்சிருக்கான்!”

குமரவேல் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நீங்க ஒட்டுக் கேக்கியளா?”

“ஹவ், ஆமா, கேட்டேன். மூணு வாரமா கேக்கறேன். போய் அசோசியேஷன்ல சொல்லுங்க, போங்க.”

“சாவித்ரி, உள்ள வா” என்று உள்ளேயிருந்து அவர் கணவர் சங்கரின் குரல் வந்தது. சனத்நகர் ஒர்க்‌ஷாப்பில் காலை ஷிப்ட் முடித்துவந்து அவர்தான் அன்று அடுப்படியில் நின்றார்.

“வரேங்க, இருங்க!”

“யாரோ மூணாவது மனுஷி பேச்சக் கேட்டு...” என்று குமரவேல் கைப்பேசிப் பக்கம் திரும்பினார்.

அதுவரை வாயே திறக்காத ரோகிணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா சொல்லுததுதான் சரி. அவன் பேசுனது எனக்கும் வெளங்குச்சு. வெளியாளு முன்னால ஒங்கள எப்படி மறுத்துச் சொல்லன்னுதான் சும்மா இருந்தேன்.” பிறகு மகனைப் பார்த்தாள். “நான் அப்பவே சொல்லியிருக்கணும்ல.”

குமரவேல் ஸ்டூலை இழுத்து மறுபடி உட்கார்ந்தார்.

“பக்கத்து வீட்டு அம்மா,” என்றது கைப்பேசி, மிக மரியாதையாக. “சொன்னதுக்கு நன்றிங்க. இனிமே இது அவங்க வீட்டு விஷயம். கொஞ்சம் உள்ள போயி கதவச் சாத்திக்கறீங்களா?”

இப்படியாக, மூன்று வாரம் காத்திருந்த கதையில் முக்கியமான அரைமணி நேரம் சாவித்ரிக்குக் கிடைக்காமல் போயிற்று. கதவைச் சாத்தினார். அடுப்படிச் சுவரில் காதை வைக்கலாம் என்று போனால், சங்கர் வேண்டுமென்றே மிக்ஸியை ஓடவிட்டு, தேவைக்கு மேல் நைசாகச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் வாங்கும் சாக்கில் சாவித்ரி கேட்டருகே நின்றார். வீட்டில் பால் நேற்றே வாங்கியாகிவிட்டது. வண்டி வந்தது. குமரவேல் ரப்பர் செருப்போடு தனியாக இறங்கிவந்து, டிரைவரிடம் ஏதோ சொல்லித் திருப்பியனுப்பினார். திரும்பும்போது சாவித்ரியைப் பார்த்தார், பார்க்காததுபோல் போனார். மேலே அபிநவ் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிவரை தூங்கினானாம், ரோகிணி கொடியில் துணி உலர்த்தும்போது சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியைச் சாவித்ரி அதற்குமுன் பார்த்ததில்லை.

பையன் பக்கத்திலேயே வீட்டிலிருந்து போய்வரும் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். வியாழக்கிழமைப் பேச்சு தொடர்ந்தது. ஆனால் குமரவேல் முதல் காரியமாக வைஃபை பெட்டி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் மாட்டிவிட்டார். சாவித்ரி வீட்டில் பீன்ஸ் வாங்குவதும் நின்றது. நாலு மாதம் லிஃப்டில் மௌனம். ஐந்தாவது மாதம், “ஏழாவது மாடியில என்ன சத்தம்?” என்று குமரவேலே கேட்டார். சாவித்ரிக்குத் தெரிந்திருந்தது, கீழே வந்து சேரும்வரை சொன்னார்.

இரண்டு வருடம் கழித்துக் குமரவேலுக்குப் பெங்களூருக்கு மாற்றலானது. இம்முறை மகனைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டினார்கள். அவனும் அங்கேயே பி.காம். சேர்ந்தான். சாவித்ரியின் மகள் ப்ரியா கல்யாணமாகிப் புனே போனாள். முகூர்த்தத்துக்கு மூவரும் பெங்களூரிலிருந்து வந்து, குமரவேல் பந்தியில் நின்று பரிமாறினார். குமரவேல் காலிசெய்துபோன வீட்டுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதமான ஒடிசாக்கார ஜோடி வந்திருக்கிறது. வாஷிங் ஏரியாவில் நின்று நன்றாகச் சத்தமாகத்தான் சண்டை போடுகிறார்கள். சாவித்ரிக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை.