அன்னம்மாள் கோயிலின் நீலம்

2024 ஜூலை 9, செவ்வாய்.
இன்று ஒரு சின்னப் பிழை தெரியவந்தது. கோயில் சுவரின் பழைய நிறம் நீலம் இல்லை. நீலம் என்று சொன்னது நான்தான்.

குறிப்பேட்டில் எழுதிய கையோடு சுதர்ஷினி 'சின்ன' என்பதை அடித்தாள். அவள் உட்கார்ந்திருந்த கடைசி மர வாங்கிலிருந்து பீடம் வரைக்கும் இரண்டு பக்கச் சுவர்களும் புது நீலத்தில் பளபளத்தன. இதற்குப் போய்ச் சின்னப் பிழை என்று பேர் வைத்தால் புனித அன்னம்மாளே சிரிப்பாள்.

கொட்டகலைக்கு மேலே, தேயிலை மலையின் முதுகில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோயிலுக்கு நூறு வயதுக்கு மேல். துரைமார் காலத்துத் தகரக் கூரை துருப்பிடித்து, பூசை நேரத்தில் சனம் குடை பிடிக்கும் நிலைமை வந்ததும், பாதர் டெஸ்மன் திருத்த வேலையைத் தொடங்கிவிட்டார். மாதக் கடைசியில் திருவிழா. அதற்குள் கூரை, சுவர், பீடம் எல்லாம் முடிய வேண்டும். நிறம் பார்க்கும் பொறுப்பு சுதர்ஷினிக்கு வந்தது. பகலில் கடைவீதியில் துணிக்கடை வேலை, பின்னேரம் ஹட்டனில் உள்ளலங்கார வகுப்பு. பங்கில் அப்படிப் படிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். திருவிழா முடியும்வரை இரண்டுக்கும் லீவு சொல்லியிருந்தாள்.

"பக்கச் சுவரைச் சரியாச் செய்து காட்டு பிள்ளை. பீடச் சுவரும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார் பாதர்.

அந்தப் பீடச் சுவர்மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். வளைவைச் சுற்றிச் சுண்ணாம்பில் செய்த திராட்சைக் கொடி ஓடும். பிரசங்கம் நீளும்போதெல்லாம் அதன் இலைகளுக்கு மனசுக்குள்ளே நிறம் தீட்டித்தான் அவள் தூக்கத்தைச் சமாளித்தாள். நாளைக்கு அங்கே வேலை தொடங்க வேண்டும். இன்றைக்குப் பார்த்துத்தான் இது.

பிழை நடந்த விதம் இப்படி. கூரையைக் கழற்றியபோது மழைக்குப் பயந்து மேலே நீலத் தறப்பாள் கட்டினார்கள். அதே நாட்களில், பாதர் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும், கறையான் அரித்த மரக்கூட்டைத் தச்சர் நகர்த்த, அதன் பின்னால் யாருமே மறுபூச்சு அடிக்காத சுவர்த் துண்டு ஒன்று தெரிந்தது. முதல் முதலாக அடித்த நிறம்! சுதர்ஷினி ஓடிப்போய்ப் பார்த்து, இடம், அளவு, ஈரம் எல்லாம் குறித்து, 'வெளிர் நீலம்' என்றும் எழுதினாள். அந்தத் தறப்பாளுக்குக் கீழே பாதரின் வெள்ளை அங்கியே நீலமாய்த்தான் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவளும் அவளேதான். ஆனால் அங்கி வேறு, சுவர் வேறு என்று நினைத்துவிட்டாள் போலும்.

போதாததற்கு, கோயில் கூட்டி விளக்கேற்றும் ராசம்மா சாட்சிக்கு வந்து நின்றாள். "நீலந்தான் புள்ள. நான் கல்யாணங் கட்டுன கோயிலு எனக்குத் தெரியாதா?" அதற்கப்புறம் யார் மறுப்பது? பாதரும் பிரசங்கத்திலேயே அறிவித்துவிட்டார், பாட்டன் பூட்டன் பார்த்த நீலம் திரும்பி வருகிறதென்று.

இன்றைக்குப் புதுத் தகரம் முழுதும் ஏறி, தறப்பாள் இறங்கியது. கண்ணாடி ஜன்னல் வழியாக நல்ல வெயில் உள்ளே வந்தது. கூட்டைத் துடைக்கப் போன சுதர்ஷினி சும்மா பின்னால் எட்டிப் பார்த்தாள். துளி மஞ்சள் கலந்த பால் மாதிரி ஒரு நிறம். நீலத்தின் வாடைகூட இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொரு அக்காவிடமும், "வெளியே வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பார்த்துட்டு எடுங்கக்கா" என்று சேலையைக் கையில் கொடுத்து அனுப்புகிறவள் அவள்!

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கூட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் முடிந்தது. ஆனால் நாளைக்குப் பீடமும் நீலமாகிவிடும். சொன்னால், பீடமே கையை விட்டுப் போகும். நல்ல ஆள் ஒருவரை ஹட்டனிலிருந்து கூப்பிடலாமென்று பங்குச் சபையில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது.

"என்னா புள்ள, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" சாரத்திலிருந்து இறங்கி வந்தான் பெயின்டர் வீரய்யா. மாரியம்மன் கோயில்களுக்கு வர்ணம் அடித்துப் பேர் வாங்கியவன். "நாளைக்குப் பீடம். நீலம் ரெண்டு வாளி ஒடைக்கவா?"

"ஒடைக்காதீங்க மாமா."

"ஏன்?"

அவள் எழுந்தாள். செபமாலைக்கு வந்துகொண்டிருந்த பாதரிடம் நேரே போனாள். "சாமி, கொஞ்சம் வாங்க." கூட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வாயிலிருந்து சொல் வருமுன்னே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாதர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது நெடுநேரம் துடைத்தார்.

"நான் பிரசங்கத்தில சொல்லிப்போட்டன், பிள்ளை."

"தெரியும் சாமி."

"ஆயருக்கும் சொல்லிப்போட்டன்."

அதற்குள் ராசம்மா விளக்குத்திரியோடு வந்துவிட்டாள். விசயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள். "யாரு சொன்னா நீலம் இல்லேன்னு? இந்தச் செவுரு பொய் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்தன்னிக்கு நான் கட்டுனது வெள்ளப் பட்டு. எங்க நாத்தனா அழகம்மா, 'என்னா அண்ணி, நீலச் சேல கட்டியிருக்கீங்க'ன்னு கேட்டா. செவுரு அம்புட்டு நீலம்! வேணும்னா அவளக் கூப்புட்டுக் கேளுங்க."

சுதர்ஷினி நிமிர்ந்தாள். "பெரியம்மா, அன்னிக்குக் கூரை எப்படி இருந்துச்சு?"

"கூரையா? கூரை எங்க இருந்துச்சு? முந்துன வாரம் அடிச்ச காத்துல பாதித் தகரம் தேயிலைக்குள்ள போயிருச்சு. தறப்பாளக் கட்டித்தான் கல்யாணம். அது ஒழுகி, தாலி கட்டுற நேரத்துல எங்க ஊட்டுக்காரரு தலையில சொட்டு சொட்டா..."

பாதி வழியில் ராசம்மாவின் பேச்சு நின்றது. திரி கையிலேயே இருந்தது.

"தறப்பாள் என்ன கலருங்க?" என்றான் வீரய்யா, குழந்தையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"நீ வாய மூடு!"

முதலில் சிரித்தது பாதர்தான். அப்புறம் வீரய்யா. கடைசியில் ராசம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "முப்பது வருசமா நம்பிக்கிட்டு இருக்கேன், சாமி!"

சுதர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. "பீடத்துக்கு ஹட்டன் ஆளையே கூப்புட்டுருங்க சாமி" என்றாள், குரல் இறங்கி.

"யாரு?" வீரய்யாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்த ஆளு வந்தா, பிரஷ் கழுவலன்னு என்னைய யாரு திட்டுறது? மூணு கிழமையா இந்தப் புள்ளகிட்ட திட்டு வாங்கிப் பழகிட்டேங்க சாமி. இனிப் புதுசா ஒருத்தர்கிட்ட என்னால வாங்க முடியாது."

பாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். வெயில் சாய்கிற நேரம். நீலம் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. திரும்ப அடிக்கத் திருவிழாவுக்கு முன்னால் நாளும் இல்லை.

"பக்கச் சுவர் இப்பிடியே இருக்கட்டும். ராசம்மாவின்ர கல்யாணச் சுவர் எண்டு வைப்பம்" என்றார். "பீடம் பழைய நிறத்தில வரவேணும். நீதான் செய்யிறாய். ஆனா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சனத்துக்கு முன்னால நிண்டு நடந்ததை நீயே சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

நானூறு பேருக்கு முன்னால்! என்றாலும் தலையை ஆட்டினாள்.

"பயப்படாத புள்ள, நானும் ஓங்கூட வந்து நிக்கிறேன்" என்றாள் ராசம்மா. "தறப்பாள் கதைய நாந்தான் சொல்லுவேன். நீ சொன்னா ருசிக்காது."

செபமாலை தொடங்கியது. சுதர்ஷினி கடைசி வாங்குக்குத் திரும்பி, முழங்காலில் நிற்பதற்கு முன்னால் அவசரமாக இரண்டு வரி எழுதினாள்.

நாளை: பீடச் சுவரின் பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். திராட்சைக் கொடியைத் தொடாமல் முதலில் இடது பக்கம்.