தூக்கிய கை

லகாட் ஊர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் இப்போது நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. செம்பனைகளுக்கு நடுவே முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. எல்லோரும் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டோம். ஆனாலும் அந்தக் கோயில் தள்ளிவைத்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒரு ஈ காக்கை வராது.

வருஷா வருஷம் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். நிலத்தை வாங்கிய கம்பெனி கோயிலை இடிக்க வழக்குப் போட்டபோது, தலைவர் சதாசிவம் எங்கள் முன்னால் அழுதார்.

"கேஸ் முடியற வரைக்கும் தேர்தல் வேணாம்லா. நம்மள பிரிச்சிருவானுங்க."

ஆம்பளைகள் வரிசையாகப் போய், எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, கேஸ் முடியும்வரை தலைவர் சொல்லை மீறமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பொம்பளைகளை யார் கேட்டார்கள்?

அப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. திருவிழாவுக்குள் செயலாளரைப் பதவியிலிருந்து தூக்கினார். தீபாவளிக்குள் மைக் அவர் கையை விட்டு நகரவில்லை. வாய் திறந்தவனெல்லாம் கம்பெனியின் கைக்கூலி.

போன மாதம் கம்பெனியே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ராமையா கோயில் கூட்டத்தில் எழுந்தார்.

"கேஸ்தான் முடிஞ்சிருச்சே அண்ணே, தேர்தல் எப்ப?"

அவ்வளவுதான் கேட்டார், பாவம்.

"கேஸ் முடிஞ்சா பகை முடிஞ்சிருமா?" என்றார் சதாசிவம். "ராமையாவ கோயில்லேருந்து தள்ளி வைக்கிறோம். எதிர்க்கிறவங்க கை தூக்குங்க."

ஆம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சத்தியத்தை மீறினால் முனி அடித்துவிடுமாம். கேஸோடு சத்தியமும் முடிந்துபோனது அந்தப் பாழாய்ப்போனவர்களுக்கு உறைக்கவே இல்லை.

எனக்கென்ன சத்தியம்? கையைத் தூக்கினேன். பக்கத்தில் ராக்காயி அக்கா, என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தவள், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் தூக்குக்கா."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குலா," என்று முணுமுணுத்தாள்.

சதாசிவம் என்னைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே மைக்கில் சொன்னார்:

"எதிர்ப்பு யாரும் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அரிவாளோடு நிற்கும் முனியின் முழிகூட என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. ராமையா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அவர் அங்கே நிற்பதே தெரியாததுபோல் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

இடது கையால் என் வலது கையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இன்னும் தூக்கியபடியேதான் இருந்தது.