டெல்மர் ஹாட்ச் பின்னால் நின்ற வரிசை

டெல்மர் ஹாட்ச் எங்கே நின்றாலும் அவன் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிடும். கப்பலில் ஆறு மாதம் கழித்துவிட்டு நெப்ராஸ்காவுக்குத் திரும்பிய மரைன் வீரர்களில் சிலர் பச்சை குத்திக்கொண்டு வந்தார்கள், ஒருவன் கிளியோடு வந்தான். டெல்மர் வரிசையோடு வந்தான். அந்த வருடம் சோளம் விலை இறங்கிக் கிடந்ததால் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியதரைக் கடலில்தான் அது தொடங்கியது. சண்டை ஏதும் இல்லாத காலம். கப்பலை ஓட்டுவது மாலுமிகளின் வேலை. மரைன்களுக்குத் துப்பாக்கி துடைப்பதும் வரிசையில் நிற்பதும்தான் வேலை. சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை, முடிவெட்ட வரிசை. வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுவிட வேண்டும், எதற்கென்று அப்புறம் கேட்கலாம். கேட்டுவிட்டு நிற்கிறவனுக்கு இடம் போய்விடும். நேப்பிள்ஸைத் தாண்டிய ஒருநாள், டெல்மர் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தான். நிமிர்ந்தபோது பின்னால் வரிசை நின்றது. அது இரண்டு தளம் இறங்கி, எஞ்சின் அறையைச் சுற்றி, ஏணி ஏறி, அவன் மூக்குக்கு முன்னாலேயே வந்து முடிந்தது.

“எதுக்குடா இந்த க்யூ?” என்றார் சார்ஜென்ட் புரூயிட், இடம் பிடித்துக்கொண்ட பிறகு.

“தெரியல, சார்ஜென்ட்.”

“தெரியாமத்தான் எனக்கு முன்னாடி நிக்கறியா?”

மாலைவரை நின்றார்கள். இத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் சமையல்காரர் ஐஸ்கிரீம் கொடுத்தார்.

ஊரில் அவன் பின்னால் விவசாயிகள் நின்றார்கள், பாதிரியார் நின்றார், இரண்டு பசுமாடுகள் நின்றன. செத்துப் பல வருடமான தபால்காரர் விளாசெக்கும் நின்றார். அவர் ஒருவர்தான் அவசரப்படுத்தவில்லை. டெல்மருக்கு இதெல்லாம் தொந்தரவாக இல்லை. உணவுக்கடையில் காபி ஊற்றும் வனேட்டாவிடம் கல்யாணம் பேச வேண்டும், அதற்குத்தான் வழியில்லை. தினமும் அதற்கென்றே போவான், வாயைத் திறப்பான்.

“சட்டுன்னு சொல்லு, டெல்மர். பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

“செர்ரி பை,” என்று பழப் பலகாரத்தைக் கேட்பான்.

“நாக்கைக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியாடா?” என்று பின்னாலிருந்து ஒரு விவசாயி கத்துவார்.

மூன்று வருடம் செர்ரி பை தின்றதில் சீருடையின் ஒரு பொத்தானும் எட்டவில்லை. அதற்குள் வனேட்டாவுக்கு டென்வரில் வேலை கிடைத்துவிட்டது.

அவள் கிளம்பும் நாளில் டெல்மர் முன்கூட்டியே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். தானியக் கிடங்குவரை வரிசை நீண்டது. பெட்டியோடு வந்த வனேட்டா, பஸ்ஸுக்குத்தான் போலிருக்கிறது என்று கடைசியில் போய் நின்றுகொண்டாள். அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. டெல்மர் வரிசையின் கடைசியை நோக்கி ஓடிப் பார்த்தான். திரும்பினால் வரிசையும் கூடவே திரும்பியது. அப்போதுதான் கப்பல் ஞாபகம் வந்தது. முன்னோக்கியே நடக்கத் தொடங்கினான். தேவாலயத்தைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கிடங்கின் பின்புறமாக, ஊரையே பின்னால் இழுத்துக்கொண்டு நடந்து வனேட்டாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

அவள் திரும்பினாள். “இது எதுக்குத்தான் க்யூ?”

“உன்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கறதுக்கு.”

“அப்படியா?” பெட்டியைக் கீழே வைத்தாள். “அப்ப அடுத்தது நீதான். கேளு.”

“கேட்டுத் தொலைடா!” என்றார் பாதிரியார்.

கேட்டான். பஸ் காலியாகப் போனது. இத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று கல்யாணக் கேக்கை எல்லோருக்கும் வெட்டினார்கள், மாடுகளுக்கும் கிடைத்தது. வரிசை மட்டும் கலையவில்லை, இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் எதற்கென்று கேட்பதுண்டு, இடம் பிடித்துக்கொண்ட பிறகு. போன வசந்தத்தில் நகரசபை அதற்கு நிழலுக்காக மேப்பிள் மரம் நட்டது.